ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி: மன்னவனூரா, எமரால்டா, இமயமலையா?

பைன் மரங்களுக்கு நடுவே ஓர் ஏரி, கரையில் ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், தண்ணீர் மேல் பனிமூட்டம். தம்பி மகள் இந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டு "நாம எல்லாரும் போலாமா?" என்று கேட்டதும் ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில். கடைசியாகப் படத்தைப் பார்த்தவர் பெரியப்பா. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அறுப்பு எப்ப முடியுது?"

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மூன்று வீட்டு ஆட்கள் சேர்ந்தால் 16 பேர். பெரியப்பாவுக்கு 71 வயது, அத்தைக்கு முழங்கால் வலி, குழந்தைகள் ஐந்து பேர், அதில் சின்னவனுக்கு ஆறு வயது. இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மலையில் கூடாரம் போட்டுத் தங்க எந்த இடம் சரிவரும் என்று பார்ப்பதற்குள் எனக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. டெல்டாவிலிருந்து இதே யோசனையோடு இருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஏரி அழகு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்த வரை எங்களால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. வயல் வேலையிலிருந்து நமக்கு எப்போது ஒழியும், அங்கே ராத்திரி தங்க யார் விடுவார்கள் என்ற இரண்டு கேள்வியையும் கேட்ட பிறகு பட்டியல் தானாகவே சுருங்கிவிட்டது.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. நம் மலைகளில் பைன் காடு என்று நாம் பார்ப்பதெல்லாம் மனிதன் நட்ட தோப்பு. கொடைக்கானல் பைன் காட்டை 1906 வாக்கில் பிரையன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி நட ஆரம்பித்தார் என்பார்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அதிகம் தென்படும் பட்டுலா பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. அதற்கு முன்பு அந்த உயரத்தில் இருந்தவை புல்வெளியும், மடிப்பு மடிப்பாகப் பள்ளங்களில் ஒளிந்திருக்கும் சோலைக்காடும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்று, நாகீயா வாலிச்சியானா. வேடிக்கை என்னவென்றால் அதன் இலை ஊசியாகவே இருக்காது, அகலமாக இருக்கும்.

இதைச் சொன்னதும் தம்பி மகள் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. நட்ட காடாக இருந்தாலும் பைன் நிழலில் உட்கார்ந்தால் வரும் அந்த வாசனையும், காற்று அடிக்கும்போது வரும் அந்த இரைச்சலும் நிஜம்தான். ஆனால் அடியில் செடிகொடி அதிகம் முளைக்காது, பறவைச் சத்தம் குறைவு, உதிர்ந்த ஊசிகள் மெத்தை போல் கிடந்தாலும் சரிவில் கால் வைத்தால் வழுக்கி விடும். அந்த மெத்தை பிசின் நிறைந்த விறகு என்பதையும் மறக்கக் கூடாது. இதற்கு மறுபடியும் வருகிறேன்.

சின்ன மாமா நடுவில் ஒரு யோசனை சொன்னார். "ஊசியிலைதான வேணும்? தரங்கம்பாடி பக்கம் சவுக்குத் தோப்புல பாயைப் போட்டுப் படுங்க, இறங்குனா கடல்." பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். சவுக்கில் நாம் ஊசி என்று நினைப்பது இலையே இல்லை, கணுக்கணுவான சிறு கிளை. காய் குட்டிக் கூம்பு போல் இருந்தாலும் ஊசியிலை இனத்துக்கும் சவுக்குக்கும் உறவில்லை. மாமாவின் யோசனையை அப்போது சிரித்து ஒதுக்கினோம். வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடாரம் போடக் கற்றுக்கொடுக்க அதே தோப்புக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம் என்பது வேறு கதை.

நமக்கு எப்போது ஒழியும்?

மலைக்கு ஒரு காலண்டர், வயலுக்கு ஒரு காலண்டர். இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அது அறுப்புக்கு வருவது செப்டம்பரில். அப்புறம் தாளடி நடவு. சம்பா மட்டும் போடுகிறவர்களுக்குப் பொங்கலை ஒட்டி அறுப்பு ஆரம்பித்து பிப்ரவரி வரை இழுக்கும். அறுத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு ஏறும் வரை ஊரை விட்டு ஒருத்தரும் நகரமாட்டார்கள். மார்ச் வந்தால்தான் கை ஓயும்.

நமக்கு ஒழிகிற அந்த மார்ச்சில்தான் மலையில் காட்டுத்தீ பயம் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடி வைப்பது வழக்கம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேறப் போய்த் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப முடியாது என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

சரி, மே? பிள்ளைகளுக்கு லீவு, வயலும் காலி. ஊரே மலை ஏறும் மாதமும் அதுதான். 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலை இல்லை. ஆனால் பேருந்திலிருந்து இறங்கிக் கூடாரம், பாத்திரம், அத்தை எல்லோரையும் ஏரிக்கரை வரை கொண்டு சேர்க்க வேறு வண்டி பார்க்க வேண்டும்.

மே மாதத்தை நான் வேண்டாம் என்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. மூன்று வருடம் முன்பு நண்பர்களோடு கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ஒரு கூடார முகாமுக்குப் பணம் கட்டிவிட்டுப் போனோம். "ஏரியைப் பார்த்த கூடாரம்" என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தது உண்மைதான், நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டிலிருந்து. கூடாரங்களைச் சரிவில் அடித்திருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கோடை மழை பிடித்தது. மேலேயிருந்து வந்த தண்ணீர் ஒரு கூடாரத்துக்குள் புகுந்து மறு கூடாரம் வழியாக வெளியே போனது. இருபது பேருக்குக் கழிப்பறை ஒன்று. காலையில் விசாரித்தால் அந்த முகாமுக்கு எந்த அனுமதியும் கிடையாது. அன்றிலிருந்து படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதில்லை.

ஆக, எங்களுக்குக் கிடைத்தது ஒரே சந்து: குறுவை அறுத்து, தாளடி நடவுக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் பத்து நாள். காலாண்டு விடுமுறையும் அப்போதுதான். அதற்குள்ளும் மகாளய அமாவாசைக்குப் பெரியப்பா காவிரிக்கரையில் இருந்தாக வேண்டும், அது முடிந்தால் அத்தை கொலுப்படி கட்ட ஆரம்பித்துவிடுவார். மிச்சம் ஐந்து நாள்தான். சம்பா மட்டும் போடுகிறவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு அறுப்பு தொடங்கும் முன், ஜனவரியின் முதல் பத்து நாள் கிடைக்கும்.

ராத்திரி தங்க யார் விடுவார்கள்?

காட்டுக்குள் கூடாரம் போடலாம் என்று நினைத்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே வனச்சட்டப்படி குற்றம். கொடைக்கானல் சுற்றுவட்டாரக் காடுகள் 2013-லிருந்து வனவிலங்கு சரணாலயம் வேறு. "யாரும் பாக்க மாட்டாங்க மாப்ள" என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். யாரும் பார்க்காவிட்டாலும் காட்டுமாடு பார்க்கும். கொடைக்கானலில் அது ஊருக்குள்ளேயே சாவகாசமாக நடந்து போகிறது. ஆறு வயதுப் பையன் ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கும் நேரத்தில் அதன் எதிரில் நிற்பதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

அப்படியானால் பட்டா நிலத்தில், அனுமதி பெற்று நடத்தும் முகாமில்தான் தங்க முடியும். முகாம் நடத்துபவரிடம் ஊராட்சி அனுமதியையும் சுற்றுலாத் துறைப் பதிவையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்லவர்கள் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை வராதுங்க சார்" என்ற பதில் வந்தால் அடுத்த எண்ணைப் பாருங்கள். எங்களுக்கு அந்தப் பதில் நான்கு முறை வந்தது.

இந்தக் கேள்வியிலேயே விழுந்தது பேரிஜம். மனசுக்குப் பிடித்த ஏரி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள் மட்டும் பகலில் போய்வரலாம். பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து போகிறது. குளிக்கவோ சமைக்கவோ ராத்திரி தங்கவோ முடியாது. நாம் குடிக்கிற தண்ணீரில் பதினாறு பேர் சோப்புப் போட்டால் விடுவோமா? பகலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

கொல்லிமலையைத் தம்பி சொன்னான், பக்கம் என்பதால். அங்கே கொண்டை ஊசி வளைவு 70 உண்டு, ஊசியிலைக் காடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூணாறு குண்டளை ஏரி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எங்களுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போகிற கணக்கு. ஏற்காட்டை மட்டும் அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். சேலம் வழியாக 250 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 1,500 மீட்டர் உயரம்தான் என்பதால் குளிர் கடிக்காது. ஆனால் ஏரி ஊர் நடுவில், காபித் தோட்டத்தில் மிளகுக் கொடி ஏறி நிற்பது சில்வர் ஓக், அது ஊசியிலை இனமும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் கூடார அனுபவத்துக்கு நல்ல இடம். படத்தில் பார்த்த ஏரிக்காக ஏங்குகிறவர்கள் போனால் ஏமாற்றம்தான்.

மிச்சம் நின்றவை மூன்று.

எமரால்டு, அவலாஞ்சி

நீலகிரியின் மேற்குப் பக்கம், ஊட்டியிலிருந்து 20, 25 கிலோமீட்டரில் இந்த இரட்டை ஏரிகள். இரண்டுமே குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். அவலாஞ்சி என்பது பனிச்சரிவுக்கான ஆங்கிலச் சொல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய நிலச்சரிவால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ட்ரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் உண்டு. வனத்துறை வண்டியில் காட்டுக்குள் சுற்றிக் காட்டுவார்கள். எமரால்டு கரையில் தேயிலைச் சரிவு, அதற்கு மேல் பைன், கீழே பச்சைத் தண்ணீர். தம்பி மகள் போட்ட படத்துக்கு மிக அருகில் வரும் காட்சி இதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் இருந்தது. அந்த ஏரித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. மேட்டூர் திறக்கவில்லை என்று தினமும் பேப்பரில் நீர்மட்டம் பார்க்கிற ஊர்க்காரனுக்கு, காவிரியில் சேருகிற தண்ணீரின் ஒரு பிறப்பிடத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவது சும்மா ஒரு சுற்றுலா இல்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வழியில எத்தன பேரு வச்சிக்கிட்டுக் குடுக்குறான் பாரு" என்றார்.

இந்தப் பக்கம் மூன்று விஷயம் இடித்தது. முதலாவது மழை. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பெய்த மழை 82 சென்டிமீட்டர். நம் பக்கம் ஒரு வருடத்தில் பெய்கிற மழையில் பெரும்பங்கு அங்கே ஒரே நாளில் கொட்டிவிட்டது. தென்மேற்குப் பருவமழையை நேராக முகத்தில் வாங்குகிற இடம் அது. செப்டம்பரில் வேகம் குறையும், ஆனாலும் மண் ஊறிப்போய் இருக்கும், அட்டையும் இருக்கும். இரண்டாவது குளிர். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் ராத்திரிகள் உண்டு. மங்கி குல்லாவே நமக்கு அதிகபட்சக் குளிர்கால உடை. மூன்றாவது தூரம். ஊரிலிருந்து திருச்சி, கரூர், கோவை, மேட்டுப்பாளையம் என்று சுமார் 400 கிலோமீட்டர். கும்பகோணத்தில் மயிலாடுதுறை–கோவை ஜன் சதாப்தியைப் பிடித்து ராத்திரி கோவையில் தங்கி, மறுநாள் காலை மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறலாம் என்று ஒரு திட்டம் போட்டோம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில், பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறுவது குழந்தைகளுக்குப் பெரிய விஷயம். ஆனால் 16 டிக்கெட் ஒரே நாளில் கிடைப்பது குதிரைக் கொம்பு, மூட்டைகளுக்குத் தனி வண்டியும் வேண்டும்.

ஜனவரியில் ஒழிகிறவர்கள், வயசானவர்கள் இல்லாத ஏழெட்டு பேர் கூட்டம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு எமரால்டைத்தான் சொல்வேன். வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். உறைபனியைத் தாங்கும் தூக்கப்பை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் போர்வையை நம்பாதீர்கள்.

இமயமலை

குர்கானில் வேலை பார்க்கும் சித்தி மகன் கட்சி இது. "பைன் பாக்கணும்னா மெக்சிகோ பைனை எதுக்குப் பாக்குறீங்க, தேவதாரு பாருங்க" என்றான். வாதத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. தேவதாரு நம் நாட்டு மருந்துக் கடையில் துண்டு துண்டாகக் கிடைக்கும் கட்டை. அதன் முழு மரம் நூறு அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்ததில்லை. இமாச்சலத்தில் தர்மசாலா பக்கம் கரேரி ஏரி 2,934 மீட்டரில் இருக்கிறது. மண்டி பக்கம் பராசர் ஏரி சுமார் 2,730 மீட்டரில், தானாக நகரும் ஒரு தீவோடும், அடுக்குக் கூரை வைத்த பழைய மரக்கோயிலோடும். இயற்கையாக வளர்ந்த ஊசியிலைக் காட்டைத் தாண்டி ஏரிக்குப் போவது என்றால் இவைதான் அசல்.

கரேரிக்குப் போக வழி: ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி, சென்னையிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள், அங்கிருந்து இன்னொரு ராத்திரிப் பயணம், அதற்குமேல் கரேரி கிராமத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறி நடக்க வேண்டும். பராசருக்குச் சாலை உண்டு என்பதால் அத்தையும் போகலாம். ஆனால் எங்கள் ஐந்து நாள் போக்குவரத்துக்கே போதாது. அது தவிர, அங்கேயும் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் என்பது பழைய கதை. பக்கத்து மாநிலமான உத்தரகாண்டில் மேல்மலைப் புல்வெளிகளில் ராத்திரி தங்குவதை உயர்நீதிமன்றம் 2018-ல் தடை செய்துவிட்டது. சித்தி மகன் கல்யாணம் ஆவதற்குள் இளவட்டம் ஆறு பேர் போய்வரட்டும். குடும்பத்துக்கு இது இந்த வருடத்துத் தேர்வு இல்லை.

மன்னவனூர்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக சுமார் 35 கிலோமீட்டர். பூம்பாறையில் படிக்கட்டு வயல்களில் மலைப்பூண்டு பயிராவதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா அங்கேயே அரை நாள் நின்றுவிடுவார் என்று இப்போதே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கேதான், அத்தைக்கு அது போதும். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை, அலை அலையான புல்வெளி, ஏரியில் பரிசல். பைன் இருக்கிறது, ஆனால் ஏரியைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்காது. படத்தோடு ஒப்பிட்டால் எமரால்டுக்கு ஒரு படி கீழேதான். இருந்தும் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

தூரம் ஒரு காரணம். திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக 300 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே. 2,000 மீட்டரை ஒட்டிய உயரம், செப்டம்பரில் ராத்திரி ஸ்வெட்டரும் கம்பளியும் தாங்கும் குளிர்தான். ஏரி வரை வண்டி போவதால் அத்தை நடக்க வேண்டியதில்லை. பட்டா நிலத்தில் தங்க விடுகிற தோட்டங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. நாங்கள் பேசி முடித்த இடத்தில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை உண்டு. என்னைப் பொறுத்தவரை அந்தக் கொட்டகைதான் மொத்த முடிவையும் தீர்மானித்தது. செப்டம்பரில் கொடைக்கானலில் மழை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதியத்துக்கு மேல் ஒரு பாட்டம் அடிக்கத்தான் செய்யும். அக்டோபர், நவம்பர் இன்னும் மோசம், வடகிழக்குப் பருவமழை அந்த மலையை விடாது. மழை வந்தால் பதினாறு பேரும் ஒன்றாக உட்கார ஒரு கூரை இருக்கிறதா என்பதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கழிப்பறை எத்தனை என்பது அடுத்த கேள்வி. எங்களுக்கு மூன்று.

கூட்டமாகப் போகும்போது வருகிற சங்கதிகள்

"மூன்று பேர் கூடாரம்" என்று போட்டிருந்தால் பெரியவர்கள் இரண்டு பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் 16 பேருக்கு ஆறு கூடாரம், பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் தோட்ட வீட்டில் ஓர் அறை. பெரியப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "களத்துல நெல்லுக்குக் காவல் படுத்தவன்டா நான்" என்றார். களத்தில் பன்னிரண்டு டிகிரி குளிர் இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் கீழே மெத்தை இல்லாவிட்டால் விடிய விடிய நடுக்கம்தான். அந்த நீல நிற ஃபோம் விரிப்பு ஆளுக்கு ஒன்று, அதன் மேல் ஜமுக்காளம். கூடாரத்துக்கு அடியில் போட நெல் மூடும் தார்ப்பாயே நம்மிடம் இருக்கிறது. அதை கூடாரத்தைவிட அகலமாக விரித்துவிடாதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைத் தண்ணீரை வாங்கி நேராக அடியில் அனுப்பும். ஓரங்களை உள்ளே மடித்துவிட வேண்டும்.

சமையல் விஷயத்தில் புரட்டாசி எங்களைக் காப்பாற்றியது. கூட்டமாகக் கூடாரம் என்றாலே கோழியைச் சுடுவது என்றாகிவிட்டது. இந்த மாதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அரிசிதான் பிரச்சினை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசியை வடித்தால் கொதித்துக்கொண்டே இருக்கும், நடுவில் அரிசி நிற்கும். பெரிய குக்கர் இரண்டு எடுத்துப் போவதாக முடிவு. பருப்பை ஊறவைத்துப் போடுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே.

நெருப்பு? பைன் தோப்புக்குள் எந்த மாதத்திலும் கூடாது. ஊசி மெத்தைக்கு மேலே அணைந்தது போல் தெரிந்தாலும் உள்ளே கனிந்துகொண்டே போய் மறுநாள் வேறெங்கோ புகையும். தோட்டக்காரர் கட்டி வைத்திருக்கும் மேடையில், வெட்டவெளியில், அவர் சம்மதத்தோடு மட்டும். தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துச் சூடு காயும் பழக்கம் சிலருக்கு உண்டு. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, எழுப்பவும் செய்யாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இதை வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஏரியில் பாத்திரம் கழுவுவது, சோப்புத் தேய்த்துக் குளிப்பது எல்லாம் வேண்டாம். குடிக்க வீட்டிலிருந்து இருபது லிட்டர் கேன் மூன்று. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மலை அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எடுத்துவிடுவார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். மலைப்பாதையில் வாந்தி எடுக்கிறவர்கள் எங்கள் வீட்டில் ஐந்து பேர், அவர்களுக்கு எலுமிச்சம்பழமும் வேனின் முன் இருக்கையும்.

கடைசியாக ஒரு விஷயம். இ-பாஸில் வண்டி எண் கேட்பார்கள். போன தடவை கிளம்பும் அன்று காலை வேன்காரர் வேறு வண்டியை அனுப்பிவிட்டார். பாஸில் ஒரு எண், வண்டியில் ஒரு எண். அடிவாரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று, சிக்னல் தேடி, புதிதாகப் போட்டுக்கொண்டுதான் ஏறினோம். இந்த முறை வேன்காரரிடம் பதிவுச் சான்றின் நகலை வாங்கிய பிறகே பாஸ் போடுவது என்று வைத்திருக்கிறேன். நகல் இன்னும் வரவில்லை. அதற்குள் அத்தை குக்கர் கேஸ்கட் மாற்றக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.